பெட்டியைத் தூக்கி எறியாதீங்க... மேஜையை மாத்துங்க!

"ஐயோ அக்கா! பாப்பா வாயில எதையோ போட்டுட்டா!"

தங்கையின் அலறல் கேட்டு சமையலறையிலிருந்து ஓடினேன். ஒண்ணரை வயசுக் குட்டி, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எதையோ சப்பிக் கொண்டிருந்தாள். விரலை விட்டு எடுத்துப் பார்த்தால்... கட்டை விரல் நீளம்கூட இல்லாத ஓர் உலோகச் சிப்பாய்! தலை இல்லை. கழுத்தில் புதுசாக அறுத்த பளபளப்பு. காலடியில் பூஞ்சை பூத்த மாதிரி வெள்ளைப் பொடி.

அந்தத் தலையை அறுத்தது யார் தெரியுமா? என் தங்கையின் மூத்த பிள்ளை. வயசு பதினாலு.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். தங்கை வீட்டுக்காரர் பெரிய கறுப்புக் குப்பைப் பையோடு வந்தார். "இன்னியோட இந்தக் கூத்து முடிஞ்சுது. எல்லாத்தையும் இதுல கொட்டு!" பையன் வாயே திறக்கவில்லை. அட்டைப் பெட்டியை மார்போடு அணைத்துக் கொண்டு நின்றான்.

அந்த அப்பாவின் கோபம் நியாயமானது. ஆனால் அவர் சொன்ன வைத்தியம் தப்பு. இதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களிடம் சொல்லப் போகிறேன். நான் டாக்டர் இல்லை. ரெண்டு பிள்ளைகளை வளர்த்த ஒரு அம்மா, அவ்வளவுதான்.

இது என்ன விளையாட்டு?

தங்கை குடும்பம் இருப்பது இங்கிலாந்தில், நாட்டிங்ஹாம் நகரத்தில். பிரசவ லீவு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய பிறகு, ஒரு குளிர்காலம் முழுக்க நான் அங்கே இருந்தேன். போன முதல் நாளே சாப்பாட்டு மேஜையின் பாதியை ஒரு படை ஆக்கிரமித்திருந்தது. ஒவ்வொரு வீரனும் ஓர் அங்குல உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல்.

"இது என்னப்பா, செஸ் மாதிரியா?"

"அதோட பெரியண்ணா மாதிரி, பெரியம்மா!" என்று சிரித்தான்.

மேஜை மேலே ஒரு போர்க்களம். அட்டையில் வீடு, தெர்மோகோலில் மலை. ரெண்டு பேர் எதிரெதிரே தங்கள் படையை நிறுத்துகிறார்கள். கட்டம் கிடையாது. இஞ்ச் டேப்பால் அளந்து நகர்த்த வேண்டும். அடி விழுந்ததா, தப்பித்தானா என்பதைப் பகடை சொல்லும். 'வார்கேம்' என்று பெயர். எந்தப் படையை எங்கே நிறுத்துவது, எப்போது பின்வாங்குவது என்று மூளைக்கு நல்ல வேலை.

ஆனால் இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு விளையாட்டு பாதி சுகம்தான். மீதி சுகம், பொம்மையைச் செய்வதில் இருக்கிறது. கடையில் வாங்கிய வீரனின் கையை வெட்டி, வேறு ஒருத்தன் கையை ஒட்டி, தலையைத் திருப்பி, புட்டியால் ஒரு போர்வை போர்த்தி, உலகத்திலேயே வேறு யாரிடமும் இல்லாத ஆளாக மாற்றுவதற்குக் 'கன்வர்ஷன்' என்று பெயர். எதையுமே வாங்காமல், கையில் கிடைக்கிற சாமான்களை வைத்து முழுசாகச் செய்வது 'ஸ்கிராட்ச் பில்டிங்'.

"எப்படிப்பா ஒட்டுவே? விழுந்துடாதா?" என்று கேட்டேன். செய்தே காட்டினான். கையால் திருகும் குட்டி டிரில்லால் தோளில் ஒரு துளை, புதுக் கையில் ஒரு துளை. நடுவே பேப்பர் கிளிப்பிலிருந்து வெட்டிய கம்பி. எலும்பு முறிவுக்கு டாக்டர் ராடு வைக்கிறாரே, அதே டெக்னிக்! பிறகு நீலமும் மஞ்சளுமாக வருகிற எபாக்ஸி புட்டியை சரிபாதி எடுத்துப் பிசைகிறான். பச்சை நிறம் வந்ததும் இடுக்கை அடைக்கிறான். ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் களிமண் மாதிரி வளையும். மறுநாள் காலை கல் மாதிரி இறுகிவிடும். அந்த ரெண்டு நிறமும் ஒரே நாடாவில் ஒட்டி வந்தால், நடுவில் தொட்டுக் கொண்டிருக்கும் கோட்டை முதலில் வெட்டி எறிய வேண்டுமாம். அது முன்னாடியே இறுகி, புட்டியில் கப்பிக் கப்பியாக நிற்குமாம். பதினாலு வயசில் எத்தனை நுணுக்கம், பார்த்தீர்களா?

டிஷ்யூ பேப்பரை வெள்ளைப் பசைத் தண்ணியில் நனைத்தால் கொடி. தீர்ந்து போன பால்பாயின்ட் ரீஃபில் பீரங்கிக் குழாய். காபி கலக்கும் மரக்குச்சி வீட்டுக் கூரை. பாட்டில் கார்க்கைப் பிய்த்தால் பாறை. நான் போட்ட டீயின் சக்கையைக்கூட விடவில்லை. காய வைத்து, காட்டுத் தரையாகத் தூவிவிட்டான்!

கதாசிரியர் முதல் பிசியோதெரபிஸ்ட் வரை

'இதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் பைத்தியம்' என்று நினைத்துவிடாதீர்கள். டைம் மெஷின் கதை எழுதிய எச்.ஜி. வெல்ஸ் தெரியுமல்லவா? 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். வளர்ந்த ஆண்கள் தரையில் மண்டி போட்டு, பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சி சுட்டு விளையாட விதிமுறைகள்! நிஜ யுத்தத்தில் போகிற உயிரையும் நாசத்தையும் நினைத்துப் பார், அதைவிட இந்தக் குட்டி யுத்தம் எவ்வளவோ மேல் என்பது அவர் வாதம். அடுத்த வருஷமே முதல் உலகப் போர் மூண்டதுதான் சோகம்.

நம் பத்திரிகைக்கு இன்னும் நெருக்கமான ஒருவர் உண்டு. பெயர் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன். ரெண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர். பிறகு பிசியோதெரபிஸ்ட். அடிபட்ட விளையாட்டு வீரர்களுக்கும் நாட்டியக்காரர்களுக்கும் சிகிச்சை செய்தார், அதைப் பற்றிப் புத்தகங்களும் எழுதினார். அதே மனிதர் 1962-ல் 'வார் கேம்ஸ்' என்ற புத்தகத்தை எழுதி, பிரிட்டனில் இந்தப் பொழுதுபோக்கு பரவக் காரணமானார். நிஜ யுத்தத்தைப் பார்த்தவர், ஜனங்களின் உடம்பைச் சரி செய்து பிழைத்தவர், மாலையில் பொம்மைச் சிப்பாய்களோடு உட்கார்ந்தார். 2013-ல் காலமானபோது அவருக்கு வயசு 90-ஐத் தாண்டியிருந்தது!

அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், பைசா விலைக்கு வந்த பிளாஸ்டிக் மிருக பொம்மைகளைத்தான் பூதங்களாக மேஜையில் நிறுத்தினார். அந்த விளையாட்டின் சில பிரபல பூதங்கள் பிறந்ததே அந்த மலிவுப் பொம்மைகளிலிருந்துதான். பிரிட்டனில் 1980-களில் வந்த ஒரு விளையாட்டுப் பத்திரிகை, டியோடரண்ட் டப்பாவை வைத்து மிதக்கும் டாங்கி செய்வது எப்படி என்று படம் போட்டே சொல்லிக் கொடுத்தது. காசு இல்லாதவனும் விளையாடலாம் என்பதுதான் இந்தக் கலையின் ஆதி தர்மம்.

அந்த வெள்ளைப் பொடி என்ன?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாட்டிங்ஹாமில் இந்தப் பொம்மைக் கம்பெனிகள் ஏராளம். 'வார்ஹாமர்' விளையாட்டின் தலைமையகமே அங்கேதான். அந்தப் பிரதேசத்துக்கு ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர் 'லெட் பெல்ட்'. லெட் என்றால் காரீயம்!

நம்மில் பலருக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். 'ஈயச் சொம்பில்தானே எங்கம்மா ரசம் வெச்சாங்க?' என்பீர்கள். ரசம் வைப்பது வெள்ளீயத்தில். அது வேறு. காரீயம் விஷம். ஒரு காலத்தில் பொம்மைச் சிப்பாய்களை காரீயம் கலந்த உலோகத்தில்தான் வார்த்தார்கள். பிரிட்டனின் பழம்பெரும் பொம்மைக் கம்பெனியான பிரிட்டன்ஸ் 1966-லேயே காரீயச் சிப்பாய்களை நிறுத்திவிட்டது. ஆனால் பெரியவர்களுக்கான வார்கேம் உருவங்களில் அது நீடித்தது. 1990-களில்தான் பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன. இன்று அவர்கள் விற்பது பெரும்பாலும் பிளாஸ்டிக், ரெசின் அல்லது காரீயம் கலக்காத உலோகம். பெட்டியில் புதுசாக வாங்குகிறவர்கள் பதற வேண்டாம்.

எங்கள் பையன் வாங்கியது பழசு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், ஷூ டப்பா நிறைய, மலிவு விலைக்கு. பழைய காரீய உருவங்களை மர அலமாரியில் வருஷக் கணக்காக வைத்தால், மரத்திலிருந்து கசியும் அமில ஆவி பட்டு மேலே வெள்ளையாகப் பொடி பூக்கும். அதுவும் காரீயச் சமாசாரம்தான். விரலில் ஒட்டும், வாய்க்குப் போகும்.

டாக்டரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்த மேஜையில எத்தனை நாளா இதை அரம் போடறான்?"

நாலு மாசமாக!

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அன்றைக்கு வாயில் போட்ட ஒரு சிப்பாய் மட்டும் பிரச்னை இல்லை. நாலு மாசமாக மேஜையிலிருந்து தரைவிரிப்பில் கொட்டிய கண்ணுக்குத் தெரியாத தூளில்தான் பாப்பா தவழ்ந்தாள். அந்தக் கையைத்தான் சப்பினாள். நான்தான் தினமும் அதே மேஜையில் அவளுக்குப் பருப்பு சாதம் ஊட்டினேன். இதை எழுதும்போதும் என் மனசு பதறுகிறது.

ரத்தப் பரிசோதனையில் பாப்பாவுக்கு டெசிலிட்டருக்கு 7 மைக்ரோகிராம் காரீயம். அண்ணனுக்கு 3. பிரிட்டனில் 2021 முதல் குழந்தைகளுக்கு 5 வந்தாலே பொது சுகாதாரத் துறை கவனிக்கிறது. 5-க்கு மேல் போனால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2021-ல் சொன்னது. 'இவ்வளவு இருந்தால் பரவாயில்லை' என்று சொல்லக் கூடிய அளவே கிடையாது என்பதும் அவர்கள் சொல்வதுதான். விழுங்கும் காரீயத்தில் பெரியவர்கள் உடம்பு எடுத்துக் கொள்வதைப்போல நாலைந்து மடங்கு குழந்தைகள் உடம்பு எடுத்துக் கொள்கிறது. வளரும் மூளையைத்தான் அது தாக்கும். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைவாக இருக்கும் பிள்ளைக்கு இன்னும் அதிகமாக ஒட்டும்.

"மருந்து இருக்கா டாக்டர்?" என்று தங்கை அழுதாள்.

"இந்த அளவுக்கு மருந்து தேவையில்லை. வர்ற வழியை அடைச்சாலே போதும்" என்றார் அவர்.

ஏன் தூக்கி எறியக் கூடாது?

"அப்போ நான் சொன்னதுதானே சரி? எல்லாத்தையும் தூக்கிப் போட்டா வழி அடைஞ்சுடும்!" என்றார் தங்கை வீட்டுக்காரர். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா? என் பதில் இதுதான்.

முதல் காரணம். பதினாலு வயசுப் பிள்ளைக்குத் தடை போட்டால் பழக்கம் நிற்காது, இடம்தான் மாறும். சாப்பாட்டு மேஜையிலிருந்து ஜன்னல் மூடிய படுக்கை அறைக்குள் போகும். அங்கே ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பான், ரெசின் ராவுவான். யார் கண்ணிலும் படாது. நம் கண்ணெதிரே நடக்கும் ஆபத்தை விட, கதவுக்குப் பின்னால் நடப்பது பெரிய ஆபத்து.

ரெண்டாவது காரணம். ஊர் மாறி, பள்ளிக்கூடம் மாறி வந்த பையன் அவன். ரெண்டு வருஷமாக வீட்டில் 'ம்', 'ஊஹும்' தவிரப் பேச்சு கிடையாது என்று தங்கை ஃபோனில் அழுதிருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளையாட்டு க்ளப்புக்குப் போனால் அதே பையன், அறுபது வயசுத் தாத்தா ஒருத்தரோடு உட்கார்ந்து தூரிகை பிடிப்பது பற்றி அரை மணி நேரம் பேசுகிறான்! நானே பார்த்தேன். பேச்சு வராத பிள்ளைக்குக் கை வழியாகப் பேச்சு வந்தது. அந்தக் கையைப் பிடுங்கலாமா?

மூணாவது காரணம். இது குழந்தைகளுக்கு மட்டுமான விஷயம் இல்லை. 2023-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 16 நாடுகளில், 65 வயசு தாண்டிய 93,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றியது. ஏதாவது ஒரு பொழுதுபோக்கு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாகவும், சந்தோஷமும் வாழ்க்கையில் திருப்தியும் கூடுதலாகவும் இருந்தன. பொழுதுபோக்குதான் மருந்து என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனால் கையோடும் மனசோடும் ஒன்றிப் போகிற ஒரு வேலையை வீட்டிலிருந்து துரத்துவதற்கு முன், ஒரு நிமிஷம் யோசிக்க வைக்கிறதல்லவா? பிரிட்டனில் 'மாடல்ஸ் ஃபார் ஹீரோஸ்' என்று ஒரு தொண்டு நிறுவனம், ராணுவத்தில் இருந்தவர்களுக்கு மாடல் செய்யும் சாமான்களைக் கொடுத்து உட்கார வைக்கிறது. மனசைக் காயப்படுத்திய நினைவுகளோடு போராடுகிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேரக் கைவேலை ஓர் ஆறுதல்.

ஆகவே பொழுதுபோக்கு குற்றவாளி இல்லை. அதைச் சாப்பாட்டு மேஜையில் செய்ய விட்ட நாம்தான் குற்றவாளிகள். இதை நான் சொன்னபோது மாப்பிள்ளை ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூணாம் நாள், கராஜின் மூலையில் இருந்த பழைய சாமான்களை அவரே ஒதுக்கிக் கொண்டிருந்தார். மகனுக்காக மேஜை போட!

அந்த வீட்டில் போட்ட சட்டங்கள்

குடும்பமே உட்கார்ந்து எழுதியவை இவை. உங்கள் வீட்டிலும் மாடல் செய்யும் பிள்ளையோ, கணவரோ இருந்தால் அப்படியே எடுத்துக் கொள்ளலாம்.

1. சாப்பிடும் இடத்தில் பொம்மை வேலை இல்லை. பொம்மை மேஜையில் டீ, பிஸ்கட், முறுக்கு இல்லை. தூரிகை அலசும் கப்பும் டீ கப்பும் பக்கத்தில் இருந்தால், ஒரு நாள் மாற்றிக் குடித்தே தீருவோம். சிரிக்காதீர்கள், இந்தப் பொழுதுபோக்கில் அடிக்கடி நடக்கிற கூத்து இது!

2. பழைய உலோக உருவத்தை அறுக்காதே, அரம் போடாதே. எப்படிக் கண்டுபிடிப்பது? வெள்ளைப் பேப்பரில் தேய்த்தால் பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தால், காரீயம் என்றே சந்தேகப்படுங்கள். கனமாகவும் மெத்தென்று வளைவதாகவும் இருக்கும். உருக்கி வார்க்கும் எண்ணமே வேண்டாம். எங்கள் வீட்டு ஷூ டப்பாவை பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, பெயர் எழுதி, குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தாயிற்று.

3. தூளை விளக்குமாற்றால் பெருக்காதே. பறந்து மூக்குக்குத்தான் வரும். ஈரத் துணியால் துடைத்து, துணியை எறிந்துவிடு. ரெசினைத் தேய்ப்பதானால் தண்ணீர் தொட்டுத் தேய். என்95 மாதிரி மாஸ்க் போடு.

4. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு. அதற்கென்று ஒரு பழைய சட்டை. அந்தச் சட்டையோடு பாப்பாவைத் தூக்கக் கூடாது.

5. தூரிகை முனையை நாக்கில் வைத்துக் கூராக்காதே. 1920-களில் அமெரிக்காவில் கடிகார முகப்புக்கு ரேடியம் பெயிண்ட் அடித்த இளம் பெண்கள், இந்த ஒரே பழக்கத்தால் தாடை எலும்பு அழுகி இறந்தார்கள். இன்றைய அக்ரிலிக் பெயிண்ட் அப்படிப்பட்டதல்ல. ஆனாலும் பெயிண்ட் வாய்க்கு இல்லை.

6. ஸ்ப்ரே பெயிண்ட் வீட்டுக்கு வெளியே மட்டும். தெர்மோகோலைச் சூடான கம்பியால் வெட்டும்போதும் புகை வரும். கதவைத் திறந்து வை. 

7. இறுகாத எபாக்ஸி புட்டியும், 3டி பிரிண்டருக்கு ஊற்றும் திரவ ரெசினும் தோலில் பட்டுக் கொண்டே இருந்தால் ஒரு நாள் அலர்ஜி ஆரம்பிக்கலாம். வந்தால் லேசில் போகாது. ரெசினுக்கு நைட்ரைல் கையுறை கட்டாயம். விரல் நடுவே அரிப்பு, சிவப்பு தெரிந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டு.

8. சூப்பர் க்ளூவில் விரல் ஒட்டிக் கொண்டால் பிய்க்காதே. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரி. கண்ணில் பட்டால் இமையைப் பிரிக்க முயற்சி செய்யாமல் உடனே டாக்டரிடம் ஓடு. பருத்தித் துணியில் நிறையக் கொட்டினால் சூடாகித் தோலைச் சுட்டுவிடும். ஜாக்கிரதை.

9. மழுங்கின பிளேடுதான் கையைக் கிழிக்கும். ஏனென்றால் அழுத்திப் பிடிக்கிறோம். பிளேடை அடிக்கடி மாற்று. உடம்புக்கு எதிர்த் திசையில் வெட்டு. கத்தி மேஜையிலிருந்து உருண்டால் பிடிக்கப் போகாதே. விழட்டும், காலை நகர்த்திக்கொள்.

10. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி ஜன்னல் வழியே தூரத்தில் பார். கழுத்தைக் குனிவதற்குப் பதில் பொம்மையைக் கண் உயரத்துக்குத் தூக்கு. நல்ல விளக்கு வை. குட்டி நோட்டுப் புத்தக அடுக்கை முழங்கைக்குக் கீழே வைத்தால் கை நடுங்காது.

பாப்பாவுக்குத் தனிச் சட்டம்: கீரை, பருப்பு, முட்டை, பால். பசியோடு விடக் கூடாது. தரைவிரிப்பைச் சுருட்டி எறிந்துவிட்டார்கள். மூணு மாசம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. 7 இருந்தது 4 ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் என் தங்கை நன்றாகத் தூங்கினாள்.

'யுத்த பொம்மை வேண்டாமே!'

இன்னும் சில கேள்விகள் உங்கள் மனசில் இருக்கும். 'குழந்தைக்குப் போய் சண்டை விளையாட்டா?' என்பது முதல் கேள்வி. எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆனால் ஒரு சிப்பாய்க்குச் சட்டை மடிப்பைச் செதுக்க மூணு சாயங்காலம் செலவழித்தவன், அந்தச் சிப்பாயைச் சாதாரணமாக நினைக்க மாட்டான். பொத்தானை அமுக்கினால் திரையில் நூறு பேர் சாகிற விளையாட்டை விட, ஒரே ஒரு ஆள் விழுந்தாலும் 'ஐயோ, அவனை நான் செஞ்சேனே' என்று வலிக்கிற விளையாட்டு மோசமில்லை என்பது என் கருத்து. நீங்கள் மறுக்கலாம். ஆனால் பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிட்டு மறுங்கள்.

'செலவு?' பெட்டி பெட்டியாக வாங்கினால் பர்ஸ் காலிதான். அதனால்தான் சொல்கிறேன், வாங்கிக் கொடுப்பதைக் குறைத்துச் செய்ய விடுங்கள். எங்கள் பையன் இப்போது காரீயம் பக்கமே போவதில்லை. பிளாஸ்டிக் அட்டை, பேப்பர், புட்டி, பழைய பெட்டியில் மீந்த கை கால்கள். இவ்வளவுதான் முதலீடு.

'படிப்பு?' அளவுகோல் வேண்டியதுதான். பரீட்சை வாரத்தில் கராஜ் சாவி அம்மாவிடம். அவனே ஒப்புக்கொண்ட சட்டம் அது. நாம் திணித்திருந்தால் மீறியிருப்பான்.

போன நவராத்திரிக்குத் தங்கை ஃபோன் செய்தாள். எங்கம்மா வீட்டிலிருந்து அவள் எடுத்துப் போன செட்டியார் பொம்மைக்குப் பெட்டியில் கை உடைந்துவிட்டதாம். அழுதுகொண்டே பரணில் போடப் போனவளைத் தடுத்து, பையன் வாங்கிக்கொண்டு போனானாம். தோளில் துளை, உள்ளே கம்பி, மேலே பச்சைப் புட்டி, அதற்கு மேல் பெயிண்ட். "எந்தக் கை உடைஞ்சுதுன்னு எனக்கே தெரியலேக்கா" என்றாள். செட்டியார் பழையபடி கொலுப் படியில் உட்கார்ந்து அரிசி பருப்பு விற்கிறாராம். மாப்பிள்ளை வந்தவர்களிடமெல்லாம் "என் பையன் சரி பண்ணினது" என்று காட்டினாராம். அதே குப்பைப் பை அப்பாதான்!

உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை எதையாவது வெட்டி ஒட்டிக் கொண்டிருக்கலாம். இன்று சாயங்காலம் தட்டிவிட்டு உள்ளே போங்கள். 'என்னடா குப்பை இது?' என்று ஆரம்பிக்காமல், 'இதை எப்படிடா செஞ்சே?' என்று கேளுங்கள். அவன் சொல்லும்போதே கண்ணை மட்டும் சுற்றிலும் ஓட்டுங்கள். ஜன்னல் திறந்திருக்கிறதா, பக்கத்தில் டீ கப் இருக்கிறதா, தூள் எங்கே கொட்டுகிறது என்று பாருங்கள்.

திருத்த வேண்டியது அங்கேதான் இருக்கிறது. பெட்டி அவனிடமே இருக்கட்டும்!